குளக்கரைப் படைப்பு ஒன்று இடிபட்ட கதை: மேரி மிஸ், டி மொயின், 1989–2025 (நிகழ்வு ஆய்வு)

அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகர் டி மொயின். அங்குள்ள கிரீன்வுட் பூங்காவின் குளத்தைச் சுற்றி 1989 முதல் 1996 வரை ஒரு கலைப் படைப்பு உருவானது. பெயர் 'கிரீன்வுட் பாண்ட்: டபுள் சைட்'. உருவாக்கியவர் நியூயார்க் கலைஞர் மேரி மிஸ். அவரை அழைத்துச் செய்யச் சொன்னது டி மொயின் கலை மையம். 2023 இறுதியில் அதே மையம் அதை அகற்ற முடிவெடுத்தது. கலைஞர் நீதிமன்றம் போனார், இடிப்புக்குத் தடை கிடைத்தது. ஒன்பது மாதம் கழித்து 9 லட்சம் டாலருக்கு இரு தரப்பும் உடன்பட்டன. படைப்பு அகற்றப்பட்டது.

கலைஞரும் நிறுவனமும் பொதுவெளியில் அறியப்பட்டவர்கள் என்பதால் பெயர் சொல்கிறேன். இயக்குநர், பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், நீதிபதி ஆகியோரைப் பதவியால் மட்டுமே குறிக்கிறேன். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க இந்த வழக்கில் அதிகம் இல்லை. எந்தத் தாளில் என்ன எழுதியிருந்தார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்க்கத்தான் நிறைய இருக்கிறது.

பின்னணி: கலைஞர்

மேரி மிஸ் 1944இல் பிறந்தவர். தந்தை ராணுவத்தில் இருந்ததால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். 1966இல் சாண்டா பார்பராவில் பட்டம், 1968இல் பால்டிமோரில் சிற்பத்தில் முதுகலை. அதன் பிறகு நியூயார்க்.

அது நிலக்கலை, அதாவது நிலத்தையே பொருளாகக் கொண்ட கலை, தலையெடுத்த காலம். 1969இல் மைக்கேல் ஹைசர் நெவாடா பாலைவனத்தில் இரண்டு பிரம்மாண்டமான பள்ளங்களை வெட்டினார். 1970இல் ராபர்ட் ஸ்மித்சன் யூட்டாவின் உப்பேரியில் கல்லையும் மண்ணையும் கொட்டிச் சுருள் வடிவில் ஒரு கரை போட்டார். மனித நடமாட்டமே இல்லாத இடங்கள், கனரக இயந்திரங்கள், பல ஆயிரம் டன் பாறை. மிஸ் இவர்களுடைய தலைமுறைதான், ஆனால் போன பாதை வேறு. 1973இல் மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், ஹட்சன் ஆற்றை நிரப்பி உருவாக்கிய வெற்று நிலத்தில், பலகைச் சுவர்கள் ஐந்தை இடைவெளி விட்டு நிறுத்தினார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத் துளை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெறும் விளம்பரப் பலகைகள். நேரே வந்து நின்றால், வட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மண்ணுக்குள் இறங்குவது தெரியும். பார்ப்பவர் நடந்து வந்தால்தான் படைப்பே உண்டாகிறது. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

1977–78இல் லாங் ஐலண்டில் ஓர் அருங்காட்சியகத்தின் புல்வெளியில் மரக் கோபுரங்களும், ஏணி வழியே இறங்க வேண்டிய ஒரு நிலத்தடி முற்றமும் அமைத்தார். சிற்பம் என்ற சொல்லின் எல்லை எங்கெல்லாம் நீண்டுவிட்டது என்று வாதிடும், கலைக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் 1979ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இந்தப் படைப்பை வர்ணித்துத்தான் தொடங்குகிறது. அப்போது மிஸ்ஸுக்கு வயது சுமார் 35. பெண்ணியக் கலைஞர் குழு ஒன்றைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1970களில் அவர் செய்த பெரிய வேலைகள் பலவும் தற்காலிகமானவை. மரக்கடையில் கிடைக்கும் பலகை, கம்பி வலை, ஆணி. கண்காட்சி முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மரம் அழுகுமா என்ற கேள்விக்கே அங்கு இடம் இல்லை. அதே மொழியை அவர் நிரந்தரப் பணிகளுக்கும் கொண்டுவந்தபோதுதான் நிலைமை மாறியது. 1980களில் நியூயார்க்கின் பாட்டரி பார்க் சிட்டியில் ஒரு கட்டடக் கலைஞரோடும் ஒரு நிலவடிவமைப்பாளரோடும் சேர்ந்து 'சவுத் கோவ்' என்ற நீர்முனைப் பகுதியை வடிவமைத்தார். மரத் தூண்கள், மரத் தளம், பாறை, இரும்பு, எல்லாம் கடல் உப்பில் நனைபவை. ஆனால் அந்த வட்டாரத்தை நிர்வகிக்கும் அமைப்புக்கு நிலக்குத்தகை வருமானம் உண்டு. பலகை போனால் மாற்ற அங்கே ஆளும் பணமும் இருந்தன. டி மொயினில் அப்படி இல்லை. இந்த வழக்கின் வேர் இதுதான் என்பது என் கருத்து.

இடம்

டி மொயின் கலை மையம் கட்டடங்களுக்குப் பேர்போனது. 1948இல் எலியல் சாரினென், 1968இல் ஐ. எம். பெய், 1985இல் ரிச்சர்ட் மையர் என்று மூன்று தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் ஒரே வளாகத்தில் கட்டியிருக்கிறார்கள். வளாகம் இருப்பது கிரீன்வுட் பூங்காவில். பூங்கா நகராட்சியின் சொத்து. 1980களின் இறுதியில் மையம் இந்தப் பூங்கா நிலத்தில் சில நிரந்தரப் படைப்புகளை உருவாக்கக் கலைஞர்களை அழைத்தது. ரிச்சர்ட் செர்ரா 1989இல் கருங்கற்களை நிறுத்தினார். பிற்பாடு, 2002இல், ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி சுண்ணாம்புக்கல்லை அடுக்கிக் கூம்பு கட்டினார்.

மிஸ் தேர்ந்தெடுத்தது பாழ்பட்டுக் கிடந்த குளத்தை. சுமார் ஆறரை ஏக்கர். ஊர் மக்கள் குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடும் இடம் அது. உள்ளூர்த் தோட்டக் கழகம், அறிவியல் மையம், பூங்காத் துறை எல்லாவற்றோடும் உட்கார்ந்து பேசித்தான் திட்டத்தை வளர்த்தார். ஏழு ஆண்டு ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். ஓரத்தைச் சதுப்பு நிலமாக மீட்டு நாணலும் புல்வெளிச் செடிகளும் நட்டார்கள். நீரின் மேல் வளைந்து செல்லும் மரப்பாதை, கரையில் அதற்கு எதிர் வளைவு. இரண்டும் சேர்ந்தால் ஓர் இலையின் வடிவம். நிழற்குடில், மேலிருந்து பார்க்க ஒரு மேடை, சறுக்க வருபவர்கள் ஒதுங்க ஒரு கூடம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குளத்துக்குள் இறங்கும் கான்கிரீட் தொட்டி. அதில் இறங்கி உட்கார்ந்தால் நீர்ப்பரப்பு கண் மட்டத்தில் நிற்கும். மேலே நின்று குளத்தைப் பார்ப்பவர், இறங்கியதும் குளத்தின் உள்ளிருந்து பார்ப்பவராகிவிடுவார்.

டிக்கெட் இல்லை, கதவு இல்லை, காவலர் இல்லை. நாயோடு நடக்க வருபவருக்கு அது கலைப் படைப்பு என்று தெரியாமலும் போகலாம். அதில் மிஸ்ஸுக்கு வருத்தம் இருந்திருக்காது. ஆனால் 'இதைக் காப்பாற்றுங்கள்' என்று குரல் கொடுக்க வேண்டிய நாளில் அந்த அடக்கமே பாதகமானது.

ஒப்பந்தம்

கலைஞருக்கும் மையத்துக்கும் எழுதிய ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் பின்னால் வழக்கின் மையமாயின. ஒன்று, காலத்தின் சிதைவு, நாசவேலை, மழை வெயில் ஆகியவற்றிலிருந்து படைப்பை நியாயமான அளவு பாதுகாத்துப் பராமரிப்பதாக மையம் ஏற்றது. மற்றொன்று, கலைஞரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் படைப்பை வேண்டுமென்றே சேதப்படுத்தவோ, மாற்றவோ, இடம்பெயர்க்கவோ மாட்டோம் என்றது.

கலைஞர் தரப்பில் நின்று படித்தால் நல்ல ஒப்பந்தம். அந்தக் காலத்தில் பல கலைஞர்களுக்கு இதுகூடக் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் அரசு வளாகம் ஒன்றில் 1981இல் செர்ரா நிறுத்திய 'டில்டட் ஆர்க்' என்ற இரும்புச் சுவரை, அவர் எதிர்த்து வழக்காடியும், 1989இல் அரசு வெட்டி எடுத்துப்போனது. அது நடந்த ஆண்டில்தான் மிஸ் டி மொயினில் வேலை தொடங்கினார். தடுப்பு வாசகத்தை எழுதும்போது அந்தச் செய்தி எல்லோர் மனத்திலும் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆனால் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை யார் வந்து பார்ப்பது, 'நியாயமான' என்றால் எவ்வளவு, நிலம் நகராட்சியுடையது என்பதால் ஆபத்து என்று வந்தால் கடைசிச் சொல் யாருடையது? இவற்றுக்குப் பின்னாளில் யாராலும் அந்தத் தாளிலிருந்து பதில் எடுக்க முடியவில்லை.

கண்டவை: 1996 முதல் 2023 வரை

அயோவாவின் குளிர்காலம் மரத்துக்கு எதிரி. ஈரம் உறைகிறது, உருகுகிறது, மறுபடி உறைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பலகையின் வெடிப்பு சற்று அகலமாகிறது. தண்ணீருக்குள் நிற்கும் தூண்களின் நீர்மட்டப் பகுதிதான் முதலில் போகும். இதெல்லாம் படகுத்துறை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம். படகுத்துறைக்காரர் ஆண்டுக்குச் சில பலகை மாற்றுவார், அதற்கென்று செலவுக் கணக்கு வைத்திருப்பார்.

2014இல், நிலவடிவமைப்பு மரபைக் காக்கும் தேசிய அளவிலான ஓர் அறக்கட்டளை, ஆபத்தில் உள்ள கலைத் தலங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதையடுத்து மையம் சில பகுதிகளைப் பழுதுபார்த்தது. அதாவது, வெளியிலிருந்து ஒருவர் சத்தம் போட்ட பிறகு ஒரு பெரிய பழுது. சிறிய பழுதுகளின் தொடர்ச்சி என்று சொல்லும்படி எதுவும் வெளியே தெரியவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். 2014 ஓர் எச்சரிக்கை. மையம் அதைச் சரியாகவே கேட்டது, செலவும் செய்தது. ஆனால் அந்த ஆண்டோடு விஷயம் முடிந்துபோனதாக எடுத்துக்கொண்டது. பராமரிப்புக்கென்று தனி நிதி திரட்டத் தகுந்த நேரம் அதுவே.

2023 அக்டோபரில், கட்டுமானத்தின் பாதுகாப்பை ஆராய்ந்த பிறகு, மரப்பாதைகளையும் மேடையையும் மையம் மூடியது. அந்த வாரங்களில்தான் டல்லாஸில் ஓர் அருங்காட்சியகத்தில் பெண் நிலக்கலைஞர்களுக்கான பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மிஸ்ஸும் அதில் இடம்பெற்றிருந்தார். ஐம்பது ஆண்டு உழைப்பு வரலாற்றில் தன் இடத்தைப் பெறும்போது, அதன் மிகப் பெரிய நிரந்தரச் சான்றுகளில் ஒன்று வேலி கட்டி அடைக்கப்பட்டது.

முடிவும் அதற்குச் சொன்ன காரணங்களும்

ஆண்டு முடிவதற்குள் மையம் கலைஞருக்குத் தன் முடிவைத் தெரிவித்தது: பழுதுபார்க்கப் போவதில்லை, முழுவதையும் அகற்றப்போகிறோம். சீரமைக்க 26 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், அகற்ற சுமார் மூன்றரை லட்சம் போதும் என்பது அவர்கள் கணக்கு. பயன்படுத்திய மரம் அயோவா வானிலையைத் தாங்கும் தரத்தில் இல்லை என்றும், மறுபடி கட்டினாலும் மறுபடி இதே நிலைதான் வரும் என்றும் சொன்னார்கள். பொதுமக்கள் பாதுகாப்பு முதன்மைக் காரணம். நிலச் சொந்தக்காரரான நகராட்சிக்கும் ஆபத்தான கட்டுமானம் பூங்காவில் நிற்பதில் விருப்பம் இல்லை.

இந்தக் காரணங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அழுகிய தூணின் மேல் குழந்தை நிற்கும் மேடை இருந்தால் எந்த நிர்வாகமும் மூடத்தான் செய்யும், மூடவும் வேண்டும். ஆனால் மூடுவது வேறு, அகற்றுவது வேறு. மூடுவதற்கு ஒரு பொறியாளர் அறிக்கை போதும். அகற்றுவதற்கு ஒப்பந்தப்படி கலைஞரின் கையெழுத்து வேண்டும். அதைப் பெறாமலேயே 2024 ஏப்ரலில் வேலையைத் தொடங்க நாள் குறித்தார்கள்.

மரம் தரமற்றது என்ற வாதமும் முழுதாக எனக்கு ஒப்பவில்லை. பொருளைத் தேர்ந்த கலைஞருக்குப் பொறுப்பு உண்டுதான். ஆனால் அதை ஏற்று, கட்டி, திறந்து, கால் நூற்றாண்டு தன் சேகரிப்பாகச் சொல்லிக்கொண்ட நிறுவனத்துக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. கலைஞர் தரப்பு இதைத்தான் சொன்னது: கெடுத்தது மரம் அல்ல, பராமரிப்பின்மை. கலைஞர்கள், அருங்காட்சியகத் துறையினர், நிலவடிவமைப்பாளர்கள் பலர் மையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். 2014இல் எச்சரித்த அதே அறக்கட்டளை, அவசரப்படாமல் நிதி திரட்ட அவகாசம் தரச் சொன்னது. மையம் முடிவை மாற்றவில்லை.

நீதிமன்றத்தில்

2024 ஏப்ரல் முதல் வாரத்தில், வேலை தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, மிஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவருக்கு அப்போது 79 வயது. நீதிபதி முதலில் தற்காலிகத் தடை விதித்தார், பிறகு மே 3 அன்று வழக்கு முடியும்வரை இடிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டார்.

உத்தரவு எதன் மேல் நின்றது என்பது முக்கியம். கலைஞர்களுக்கென்று அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை அது தருகிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலைச் சுவர்களில் இருந்த தெரு ஓவியங்களை உரிமையாளர் வெள்ளையடித்து அழித்தபோது, இதே சட்டத்தின்கீழ் 2018இல் ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டம் ஓவியம், வரைபடம், அச்சு, சிற்பம், கண்காட்சிக்கான புகைப்படம் என்று பட்டியல் போட்டுப் பேசுகிறது. ஆறரை ஏக்கரில் பரவிய குளம், நாணல், பாதை, குடில் எல்லாம் சேர்ந்தது 'சிற்பம்' ஆகுமா? சிகாகோவில் ஒரு கலைஞர் பூங்காவில் நட்டு வளர்த்த காட்டுப்பூப் படைப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் சொல்லியிருந்தது. போதாததற்கு, காலத்தாலோ பொருளின் இயல்பாலோ வரும் மாற்றம் சிதைப்பாகாது என்று அந்தச் சட்டமே விலக்கு அளிக்கிறது. மரம் அழுகுவது மரத்தின் இயல்பு. ஆக, 1979இல் விமர்சகர்கள் கொண்டாடிய அதே எல்லை மீறல், 2024இல் சட்டத்தின் முன் பலவீனமாகி நின்றது.

மிஸ்ஸைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தின் தடுப்பு வாசகம். ஒப்புதல் இல்லாமல் மாற்ற மாட்டோம் என்று எழுதிவிட்டு முழுதாக இடிக்க முடியாது என்றார் நீதிபதி. அதே மூச்சில், பழுதுபார்க்கும்படி மையத்தைக் கட்டாயப்படுத்தத் தன்னால் ஆகாது என்பதையும் தெளிவாக்கினார். விளைவாக யாருக்கும் பிடிக்காத ஒரு நிலையிலேயே படைப்பு நிற்கும் என்பதை அவரே உத்தரவில் ஒப்புக்கொண்டார்.

விளைவு

அந்த உத்தரவுக்குப் பின் இரு தரப்பும் மாட்டிக்கொண்டன. மையத்தால் இடிக்க முடியாது. வேலி போட்டு, காவல் காத்து, வழக்குச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும். கலைஞரால் இடிப்பை நிறுத்த முடிந்தது, ஆனால் ஒரு பலகையைக்கூட மாற்றச் செய்ய முடியவில்லை. இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் வழக்கில் வென்றாலும் காப்பாற்ற மிஞ்சியிருப்பது குறைவு. காலம் மையத்தின் பக்கம் இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் பணக் கணக்கில் அது இரு பக்கமும் இல்லை.

2025 ஜனவரியில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மையம் 9 லட்சம் டாலர் தரும், மிஸ் வழக்கைக் கைவிடுவார், அகற்றுவதற்குத் தடை இருக்காது. பொதுவெளிக் கலைக்காக வாதாடும் நிதி ஒன்றை அந்த அறக்கட்டளை தொடங்கியது. அதற்கு முதல் நன்கொடை தந்தவர் மிஸ். குளக்கரைக் கட்டுமானங்கள் பிறகு எடுக்கப்பட்டன.

ஒரு சிறு கூட்டல்: இடிக்க மூன்றரை லட்சம், உடன்பாட்டுக்கு 9 லட்சம், மொத்தம் பன்னிரண்டரை லட்சம். வழக்கறிஞர் கட்டணம் தனி. மையமே சொன்ன சீரமைப்பு மதிப்பீட்டில் இது ஏறக்குறையப் பாதி. இந்தத் தொகையை வைத்துக்கொண்டு, மீதிக்கு நன்கொடை கேட்டு ஊரிடமும் நாட்டிடமும் போயிருந்தால் கிடைத்திருக்குமா என்பதை இப்போது நிரூபிக்க முடியாது. ஆனால் முதல் கூட்டத்திலேயே இந்தக் கணக்கை யாராவது பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

மிஸ்ஸின் பணி இதனால் நின்றுவிடவில்லை. 2009இல் அவர் தொடங்கிய ஓர் அமைப்பு, கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் சேர்த்து நகரங்களின் நீர், வெப்பம், வெள்ளம் பற்றித் தெருவிலேயே வேலை செய்கிறது. 2011இல் இண்டியானாபொலிஸில் ஆற்றங்கரை நெடுகக் கண்ணாடிகளும் குறிகளும் வைத்து, ஊர் மறந்த ஆற்றைக் காட்டினார். அதற்கு முன்பு கொலராடோவின் போல்டர் நகரில் மரங்களிலும் கட்டடங்களிலும் நீல வட்டங்கள் ஒட்டி, வெள்ளம் வந்தால் எவ்வளவு உயரம் ஏறும் என்று குறித்தார். கவனித்தால், இவை மறுபடியும் தற்காலிக வேலைகள்.

மாற வேண்டியவை

முதலில் பணம். வெளியில் நிற்கும் படைப்பை வாங்கும்போதே, அதன் பராமரிப்புக்கென்று ஒரு மூலதனத்தை ஒதுக்கி, வட்டியிலிருந்து ஆண்டுச் செலவைச் செய்யும் ஏற்பாடு வேண்டும். யூட்டாவின் சுருள் கரையை 1999 முதல் நியூயார்க்கின் ஓர் அறக்கட்டளை தன் சேகரிப்பில் வைத்துக் கண்காணிக்கிறது. அது பாறை என்பதால் செலவு குறைவு. மரத்துக்கு அதைவிடக் கூடுதல் நிதி தேவை என்பதுதான் தர்க்கம், நடப்பது நேர்மாறாக.

அடுத்து, எதைக் காப்பது என்ற கேள்வி. டபுள் சைட்டில் இந்தப் பலகைதான் வேண்டும் என்று கலைஞர் பிடிவாதம் பிடிக்கத் தேவை இருந்ததில்லை. தொட்டியில் இறங்கினால் நீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், வளைவும் எதிர் வளைவும் சேர வேண்டும், அவ்வளவுதான். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று கலைஞரே தொடக்கத்தில் எழுதித் தந்திருந்தால், பின்னாளில் மரத்துக்குப் பதில் நீடிக்கும் வேறு பொருளை வைப்பது ஒப்பந்த மீறலாகாது, சாதாரணப் பராமரிப்பாகிவிடும். பாகம் பாகமாகச் செய்யவும் வழி பிறக்கும். முழுச் சீரமைப்பு அல்லது முழு இடிப்பு என்று இரண்டே கதவுதான் இருப்பதாக 2023இல் பேசப்பட்டது பெரிய குறை.

ஒப்பந்தத்தில் மூன்றாவது தரப்பும் கையெழுத்திட வேண்டும்: நிலத்தின் சொந்தக்காரர். பாதுகாப்பு முடிவு அவர் கையில் இருக்கும்போது, அவர் கட்டுப்படாத ஒப்பந்தம் கலைஞருக்குப் பாதி பலம்தான் தரும். மூட வேண்டி வந்தால் எத்தனை மாதத்துக்குள் கலைஞருக்குத் தகவல் தர வேண்டும், எத்தனை மாதம் நிதி திரட்ட அவகாசம் உண்டு, அதற்குள் முடியாவிட்டால் என்ன முறைப்படி அகற்றலாம் என்பதையும் அங்கேயே முடித்துவிடலாம். எந்தப் படைப்பும் என்றென்றும் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டு என்று இரு தரப்பும் மனமறிந்து எழுதியிருந்தால், 2021இல் ஊரைக் கூட்டி, முழுதாகப் படமெடுத்து, அளவெடுத்து, பிரித்திருக்கலாம்.